தலைசுற்றலுக்குப் பிசியோதெரபி: கல் நகர்ந்தால் ஒரு வழி, நரம்பு தளர்ந்தால் வேறு வழி

படுக்கையில் வலப்பக்கம் புரண்டதும் அறை முழுக்கச் சுழல்கிறது. அரை நிமிடத்தில் நின்றுவிடுகிறது. இது ஒருவருடைய தலைசுற்றல். இன்னொருவருக்குக் காலையில் தொடங்கிய சுழற்சி இரவு வரை நிற்கவில்லை, மறுநாளும் நிற்கவில்லை, வாந்தி வேறு. மூன்றாமவருக்கு உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வருகிறது. நான்காமவருக்கு எதுவுமே சுழலவில்லை. நடந்தால் பஞ்சு மெத்தைமேல் கால் வைப்பதுபோல் தள்ளாடுகிறது. நால்வரும் மருத்துவரிடம் சொல்வது ஒரே வார்த்தை: “தலை சுத்துது.” பல நேரம் நால்வர் கையிலும் ஒரே மாத்திரைச் சீட்டுதான் வந்து சேர்கிறது.

பிசியோதெரபியிலும் இதே தவறு நடக்கிறது. ‘தலைசுற்றல் பயிற்சி’ என்று ஒரு தாளை அச்சடித்து எல்லோருக்கும் கொடுத்துவிடுகிறார்கள். முதலாமவருக்கு அந்தத் தாள் தேவையே இல்லை. அவருக்கு வேண்டியது ஐந்து நிமிடம் பிடிக்கும் ஒரு சரியான தலைத் திருப்பம். இரண்டாமவருக்கு, கடுமையான நாட்கள் கழிந்ததும், தினமும் செய்யும் பயிற்சிதான் மருந்து. மூன்றாமவருக்கு முதலில் பார்க்க வேண்டியது ரத்த அழுத்தம். ஆகவே பயிற்சிக்கு முன்னால் வர வேண்டியது பெயர்: இது எந்தச் சுற்றல்?

அதைக் கண்டுபிடிக்கப் பெரும்பாலும் இயந்திரம் வேண்டாம், மூன்று கேள்விகள் போதும். எவ்வளவு நேரம் நீடிக்கிறது? எதைச் செய்தால் வருகிறது? கூடவே வேறு என்ன வருகிறது? படுக்கும்போதும் புரளும்போதும் அண்ணாந்து பார்க்கும்போதும் வந்து ஒரு நிமிடத்துக்குள் அடங்கினால், உள்காதில் கல் இடம் மாறியிருக்கிறது என்பதே முதல் சந்தேகம். நாள் கணக்கில் விடாமல் சுழன்று காது கேட்பதில் மாற்றம் இல்லையென்றால், சமநிலை நரம்பின் அழற்சி. 20 நிமிடம் முதல் 12 மணி நேரம் வரை நீடித்து, கூடவே காதில் இரைச்சலும் அடைப்பும் கேட்கும் திறனில் ஏற்றத்தாழ்வும் இருந்தால் மெனியர் என்னும் உள்காது நோய். 5 நிமிடம் முதல் 3 நாள் வரை எப்படி வேண்டுமானாலும் வந்து, ஒற்றைத் தலைவலி வரலாறும் வெளிச்சக் கூச்சமும் சேர்ந்தால் மைக்ரேன் வகைத் தலைசுற்றல். எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் ரத்த அழுத்தத்தின் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால், காரணம் காதே அல்ல, ரத்த அழுத்தம்.

‘கழுத்து எலும்பு தேய்மானம்’ என்ற காரணம் இந்த வரிசையில் இல்லாததைக் கவனித்திருக்கலாம். நடு வயதைத் தாண்டிய பலரின் கழுத்து எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரியத்தான் செய்யும். அதைப் பார்த்துவிட்டுத் தலைசுற்றலுக்கும் அதுவே காரணம் என்று முடிவு கட்டி, கழுத்துப் பட்டை போட்டுவிடுகிறார்கள். உண்மையில் காதில் கல் இருந்தால் அந்தப் பட்டை கல்லை ஒன்றும் செய்யாது. நரம்பு தளர்ந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம்: குணமாவதற்குத் தேவையான ஒரே விஷயமான தலை அசைவையே அது நிறுத்திவிடுகிறது.

சில அறிகுறிகள் இருந்தால் இந்தக் கேள்விகளுக்கெல்லாம் நேரமில்லை. இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், முகம் கோணுதல், ஒரு பக்கக் கை கால் பலமிழத்தல் அல்லது மரத்துப்போதல், பிடிமானம் இல்லாமல் நிற்கவே முடியாத நிலை, இதுவரை வந்திராத கடும் தலைவலி அல்லது கழுத்துவலி, திடீரென்று ஒரு காது கேட்காமல் போவது, நினைவு தப்புவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். சிறுமூளைப் பக்கவாதம் உள்காது நோய் போலவே வேஷம் போடும். தொடக்க நேர சிடி ஸ்கேனில் அது தெரியாமலும் போகலாம். “ஸ்கேன் நார்மல்” என்ற ஒரு வரியை மட்டும் நம்பி வீட்டில் பயிற்சி தொடங்கக் கூடாது.

கல் எங்கிருந்து வந்தது

உள்காதில் இரண்டு வகை உணரிகள் உள்ளன. யூட்ரிக்கிள், சாக்யூல் என்னும் இரண்டு சிறு பைகள் புவியீர்ப்பையும் நேர்கோட்டு அசைவையும் உணர்கின்றன. மூன்று அரைவட்டக் குழல்கள் தலை திரும்புவதை உணர்கின்றன. பைகளில் பசை போன்ற ஒரு படலத்தின்மேல் கால்சியம் கார்பனேட் படிகங்கள் பதிந்திருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியவை. அந்தப் பாரம் இருப்பதால்தான் பைக்குக் கீழ் எது, மேல் எது என்று தெரிகிறது. ஆக, கல் இருப்பது நோயல்ல; இருக்கக் கூடாத இடத்துக்கு அது போவதுதான் நோய்.

வயது ஏறும்போதும், தலையில் அடிபட்டாலும், நரம்பு அழற்சிக்குப் பிறகும், நீண்ட நாள் படுக்கையில் கிடந்தாலும் சில படிகங்கள் கழன்று அரைவட்டக் குழலுக்குள் விழுகின்றன. குழலில் இருக்கும் திரவத்தைவிட அவை கனமானவை. தலை சாயும்போது கல் குழலின் தாழ்ந்த பகுதியை நோக்கிச் சரிகிறது. சரியும்போது திரவத்தையும் இழுத்துச் செல்கிறது. குழல் முனையில் இருக்கும் உணரிக்குத் திரவம் ஓடினால் ‘தலை திரும்புகிறது’ என்று பொருள். தலை நின்றுவிட்டது, ஆனால் காது திரும்பிக்கொண்டே இருப்பதாகச் சொல்கிறது. அந்த முரண்பாடுதான் நாம் உணரும் சுழற்சி.

இந்த ஒரே படத்திலிருந்து நோயின் நடத்தை முழுவதும் விளங்கிவிடும். படுத்த உடனே சுற்றாமல் சில நொடி கழித்துச் சுற்றுவது ஏன்? கல் நகரத் தொடங்கக் கொஞ்ச நேரம் பிடிக்கிறது. ஒரு நிமிடத்துக்குள் நிற்பது ஏன்? கல் அடித்தளத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. எழுந்து உட்காரும்போது எதிர்த்திசையில் சுற்றுவது ஏன்? கல் வந்த வழியே திரும்புகிறது. மூன்று குழல்களில் பின்குழலே மிகப் பெரும்பாலானோருக்குப் பாதிக்கப்படுவது ஏன்? நிமிர்ந்திருக்கும்போது தாழ்வாக இருப்பது அதுதான்.

தலையின் நிலை மாறும்போது வரும் சுழற்சியை, 1914ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு பெற்ற ராபர்ட் பாரானி 1921ல் விவரித்தார். அதைச் சோதிக்கும் முறையை டிக்ஸ், ஹால்பைக் என்ற இருவர் 1952ல் தெளிவாக எழுதினார்கள். தலையை வரிசையாகத் திருப்பிக் கல்லை வெளியே உருட்டிவிடலாம் என்று அமெரிக்க மருத்துவர் ஜான் எப்லி சொன்னபோது சக மருத்துவர்கள் பலர் நம்பவில்லை. அவருடைய கட்டுரை 1992ல்தான் வெளிவந்தது. இன்று உலகம் முழுக்க முதல் சிகிச்சை அதுதான்.

சோதனை செய்யும் விதம்

நோயாளி மேஜைமேல் கால் நீட்டி உட்கார வேண்டும். வலது காதைச் சோதிக்கத் தலையை வலப்பக்கம் 45 பாகை திருப்பி, அப்படியே வேகமாக மல்லாக்கப் படுக்க வைத்து, தலை மேஜை விளிம்புக்கு வெளியே சுமார் 20 பாகை பின்சாயும்படி பிடித்துக்கொள்கிறார் சிகிச்சையாளர். கண்களைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். பயத்தில் இறுக மூடிக்கொள்வதுதான் இங்கே அடிக்கடி நேர்வது. சிகிச்சையாளர் பார்ப்பது நோயாளியின் முகபாவத்தையல்ல, விழியை. பின்குழலில் கல் இருந்தால் சில நொடி இடைவெளிக்குப் பின் விழிகள் நெற்றியை நோக்கித் துடித்தபடியே, கீழே இருக்கும் காதின் பக்கமாக முறுக்கிக்கொள்ளும். ஒரு நிமிடத்துக்குள் அடங்கும்.

சுற்றுகிறது என்று நோயாளி சொல்வது மட்டும் போதாது. விழி எந்தத் திசையில் துடிக்கிறது என்பதுதான் எந்தக் காது, எந்தக் குழல் என்று காட்டும். விழி நேர்கீழாக மட்டும் துடித்தாலோ, தலையை அப்படியே வைத்திருந்தும் துடிப்பு குறையாமல் நீடித்தாலோ மூளைப் பிரச்சினை அல்ல என்று உறுதியாகும்வரை சிகிச்சையை நிறுத்தி வைக்க வேண்டும். குறைந்தது 30 நொடி காத்திருக்காமல் “ஒன்றும் இல்லை” என்று எழுப்பிவிடுவதும், படுக்க வைக்கும் வேகம் போதாமல் போவதும், சோதனைக்கு முன் தலைசுற்றல் மாத்திரை போட்டிருப்பதும் கல்லைத் தவறவிட வைக்கும்.

கழுத்து எலும்பு உறுதியற்றவர்கள், அண்மையில் கழுத்து அறுவை செய்தவர்கள், கடுமையான முடக்குவாதம் உள்ளவர்கள், கழுத்து ரத்தக்குழாய்ப் பிரச்சினை உள்ளவர்கள் ஆகியோருக்குத் தலையைத் தொங்கவிடக் கூடாது. அவர்களைப் பக்கவாட்டில் சாய்த்துப் படுக்க வைத்தே சோதிக்கலாம். கழுத்துக்கு நெளிவு தேவைப்படாது.

எப்லி முறை, படிப்படியாக

வலது பின்குழலில் கல் என்று உறுதியானதாக வைத்துக்கொள்வோம். சோதனையின் முடிவு நிலையே சிகிச்சையின் தொடக்க நிலை: தலை வலப்பக்கம் 45 பாகை திரும்பி, பின்னால் தொங்குகிறது. சுழற்சி அடங்கும்வரை இருந்து, அதன்பின் மேலும் 30 நொடி. அடுத்து, தலையைத் தூக்காமலே இடப்பக்கம் 90 பாகை திருப்ப வேண்டும். இப்போது முகம் இடப்பக்கம் 45 பாகையில் இருக்கும். மீண்டும் 30 முதல் 60 நொடி. மூன்றாவதாக, உடல் முழுவதையும் இடப்பக்கம் ஒருக்களித்துப் புரட்டி, தலையையும் அதே திசையில் இன்னொரு 90 பாகை திருப்ப வேண்டும். மூக்கு தரையைப் பார்க்கும். மறுபடி 30 முதல் 60 நொடி. கடைசியாகத் தாடையை மார்பை நோக்கிச் சற்றுத் தாழ்த்தியபடி, அந்த இடப்பக்கமாகவே எழுந்து உட்கார வேண்டும். இடது காது என்றால் எல்லாத் திசைகளையும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

கெடுவது பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது படிகளில்தான். இரண்டாவது படியில் நோயாளி தன்னை அறியாமல் தலையைத் தூக்கிவிடுவார். கல் வந்த வழியே திரும்பிவிடும். மூன்றாவது படியில் மூக்கு தரையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். கல் குழலின் வாசல்வரை வந்து நின்றுவிடும். அந்த மூன்றாவது நிலையில் விழிகள் முதலில் துடித்த அதே திசையிலேயே மறுபடி துடித்தால் அது நல்ல அறிகுறி, கல் சரியான வழியில் போகிறது. எதிர்த்திசையில் துடித்தால் பின்வாங்குகிறது என்று பொருள். எழுந்து உட்கார்ந்ததும் சிலருக்கு யாரோ பிடித்துத் தள்ளியதுபோல் ஒரு பெரும் தள்ளாட்டம் வரும். ஆகவே தோளைப் பிடித்தபடி ஓரிரு நிமிடம் உட்கார வைத்த பிறகே இறங்க விட வேண்டும்.

ஓரிரு அமர்வுகளில் பெரும்பான்மையோருக்கு விலகிவிடுகிறது. முன்பெல்லாம் சிகிச்சைக்குப் பின் இரண்டு நாள் உட்கார்ந்தே தூங்கச் சொல்வார்கள், குனியாதே என்பார்கள். அந்தக் கட்டுப்பாடுகள் தேவையில்லை என்று அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் அமைப்பின் 2017 வழிகாட்டி தெளிவாகச் சொல்கிறது. ஆனாலும் அந்த அறிவுரை இன்னும் உலவிக்கொண்டுதான் இருக்கிறது. கழுத்தை இறுக்கி வைத்துக்கொண்டு நாள் முழுக்க நடப்பதால் கழுத்து வலிதான் மிச்சம்.

எப்லிக்கு இணையான பலன் தருவது, பிரெஞ்சு பிசியோதெரபிஸ்ட் அலன் செமோன் 1988ல் வெளியிட்ட முறை. வலது காது என்றால் தலையை இடப்பக்கம் 45 பாகை திருப்பி, வலப்பக்கமாக விரைந்து சாய்ந்து படுத்து ஓரிரு நிமிடம். பிறகு தலையின் கோணத்தை மாற்றாமல் ஒரே வீச்சில் மறுபக்கம் சாய்ந்து, மூக்கு படுக்கையைப் பார்க்க ஓரிரு நிமிடம். கழுத்தைப் பின்னால் வளைக்க முடியாதவர்களுக்கு இது நல்லது. ஆனால் அந்த வீச்சு வேகமாக இருக்க வேண்டும். நிதானமாகச் செய்தால் பலன் போய்விடும். இடுப்பு, முதுகு பலவீனமான முதியவர்களுக்கு அந்த வேகம் கஷ்டம்.

வீட்டில் செய்யச் சொல்லிக் கொடுக்கப்படும் பிராண்ட்–டாரஃப் பயிற்சி வேறு ரகம். படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து, முகத்தை மேல்நோக்கியபடி ஒரு பக்கம் சாய்ந்து 30 நொடி, நிமிர்ந்து 30 நொடி, மறுபக்கம் 30 நொடி. ஒரு தடவைக்கு 5 சுற்று, ஒரு நாளைக்கு 3 தடவை, 2 வாரம். எந்தக் காது என்று தெரியாமலும் செய்யலாம் என்பதுதான் அதன் வசதி. பலனில் எப்லிக்கு அது ஈடாகாது. ஐந்து நிமிடத்தில் தீரக்கூடியதை இரண்டு வாரம் சுற்றிச் சுற்றி அனுபவிக்க வைப்பது, வேறு வழியே இல்லாதபோது மட்டும் நியாயம்.

கல் கிடைக்குழலில், அதாவது கிடைமட்டமாக இருக்கும் அரைவட்டக் குழலில், இருந்தால் கதை மாறுகிறது. புரண்டு படுக்கும்போது இரு பக்கமும் சுற்றும், சுழற்சி கடுமையாகவும் இருக்கும், எப்லி உதவாது. மல்லாக்கப் படுத்து, தலையை 30 பாகை உயர்த்தி, இருபுறமும் 90 பாகை திருப்பிச் சோதிக்க வேண்டும். விழிகள் இருபுறமும் தரையை நோக்கித் துடித்தால், எந்தப் பக்கம் கடுமையாகச் சுற்றுகிறதோ அதுவே நோயுள்ள காது. கூரையை நோக்கித் துடித்தால் தலைகீழ்: குறைவாகச் சுற்றும் பக்கமே நோயுள்ள காது. முதல் வகைக்கு, நோயுள்ள பக்கத்திலிருந்து நல்ல காதின் திசையில், 90 பாகை 90 பாகையாக உடலோடு முழு வட்டம் உருளும் முறை பயன்படுகிறது. எப்லி செய்துகொண்டிருக்கும்போதே பின்குழலின் கல் கிடைக்குழலுக்குள் நழுவிவிடுவதும் உண்டு. நோயாளி “முன்னைவிட மோசமாகிவிட்டது” என்று வருவார். அப்போது எப்லியைத் திரும்பத் திரும்பச் செய்யாமல், சோதனையை முதலிலிருந்து செய்து பார்ப்பதுதான் முறை.

கல் வெளியேறிய பிறகும் சில நாட்கள், சிலருக்கு இரண்டு மூன்று வாரம்கூட, தலை லேசாக மிதப்பதுபோல் இருக்கும். சுழற்சி இல்லாத இந்த மிதப்பைக் கண்டு மறுபடி கல் என்று பயந்து தானே எப்லி செய்துகொள்ள வேண்டியதில்லை. நடக்க நடக்கத் தெளியும்.

நரம்பு தளர்ந்தவருக்கு ஓய்வு எதிரி

இப்போது, நாள் கணக்கில் சுழற்சி நிற்காத அந்த இரண்டாமவர். நரம்பு அழற்சியில் ஒரு காதிலிருந்து மூளைக்குப் போகும் சமநிலைச் செய்தி திடீரென்று குறைந்துவிடுகிறது. அசையாமல் உட்கார்ந்திருந்தாலும் இரு காதுகளும் இடைவிடாமல் சமமான செய்தி அனுப்பிக்கொண்டிருப்பவை. ஒன்று மௌனமானால், மற்றதன் செய்தியை மட்டும் கேட்கும் மூளை, தலை அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டே இருப்பதாக நினைத்துக்கொள்கிறது. முதல் சில நாட்களில் மூளை இந்த வேறுபாட்டைத் தானாகவே சரிசெய்துகொள்ளத் தொடங்குகிறது. உட்கார்ந்திருக்கும்போது வரும் சுழற்சி குறைகிறது. ஆனால் தலை அசையும்போது வரும் மங்கலும் தள்ளாட்டமும் தானாகச் சரியாவதில்லை. அதற்கு மூளை புதிதாகக் கற்க வேண்டும், கற்கத் தலை அசைய வேண்டும்.

இதை முதலில் முறையாகப் பயன்படுத்தியவர்கள் இங்கிலாந்து மருத்துவர்கள் காதார்ன், குக்ஸி. 1940களில் தலையில் காயமுற்றவர்களையும் காது அறுவை செய்தவர்களையும் கவனித்தபோது, சீக்கிரம் எழுந்து நடமாடியவர்களே சீக்கிரம் தேறினார்கள் என்று கண்டு, தலை, கண், உடல் அசைவுகளைப் படிப்படியாகக் கூட்டும் பயிற்சிகளை அமைத்தார்கள். அவர்களுடைய தாள் இன்றும் புழங்குகிறது. ஆனால் அதற்குப் பிறகு துறை வெகுதூரம் வந்துவிட்டது. தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் உருட்டும் பயிற்சியைத் தனியாகக் கொடுப்பதால் பயனில்லை என்பது அப்படித் தெளிவான விஷயங்களில் ஒன்று. அமெரிக்க பிசியோதெரபி அமைப்பின் நரம்பியல் பிரிவு வெளியிட்ட வழிகாட்டி, அதைக் கொடுக்கவே கூடாது என்கிறது.

ஏன் தலை அசைய வேண்டும் என்பதற்கு ஒரு எளிய சோதனை. இந்த எழுத்துகளைப் பார்த்தபடி தலையை இடமும் வலமுமாக வேகமாக ஆட்டிப் பாருங்கள், படிக்க முடிகிறது. இப்போது தலையை நிறுத்திவிட்டு, திரையை அதே வேகத்தில் ஆட்டுங்கள், எழுத்து கலங்கிவிடுகிறது. முதல் வேலையைச் செய்வது காது. தலை வலப்பக்கம் திரும்பிய நொடியின் நூறில் ஒரு பங்கு நேரத்துக்குள் காதின் செய்தி கண் தசைகளை எட்டி, விழியை அதே அளவு இடப்பக்கம் திருப்பிவிடுகிறது. இரண்டாவது வேலையைக் கண் தனியாகச் செய்யப் பார்த்துத் தோற்கிறது. நரம்பு தளர்ந்தவருக்குத் தலையை ஆட்டினாலும் எழுத்து கலங்கும்.

அடிப்படைப் பயிற்சி இதையே எடுத்துக்கொள்கிறது. சுமார் ஒரு கை நீளத்தில், கண் மட்டத்தில், ஒரு சிறிய எழுத்தைச் சுவரில் ஒட்ட வேண்டும். பார்வையை அதிலிருந்து எடுக்காமல் தலையை இடமும் வலமும் 20 முதல் 30 பாகை அளவில் ஆட்ட வேண்டும், 1 நிமிடம். ஓய்வெடுத்துவிட்டு மேலும் கீழும் 1 நிமிடம். தொடக்கத்தில் ஒரு நிமிடம் தாங்காது. 20, 30 நொடியில் ஆரம்பிக்கலாம். அண்மையில் பாதிப்பு வந்தவர் ஒரு நாளைக்கு 3 தடவையாவது, எல்லாம் சேர்த்து 12 நிமிடமாவது செய்ய வேண்டும். நாட்பட்ட பாதிப்புள்ளவருக்கு 3 முதல் 5 தடவை, மொத்தம் 20 நிமிடம், 4 முதல் 6 வாரம். ஜென்டாமைசின் போன்ற மருந்துகளால் இரு காதுகளும் பாதிக்கப்பட்டவருக்கு இன்னும் அதிகம் வேண்டும், தேறவும் கூடுதல் காலமாகும்.

வேகம்தான் இதன் உயிர். எழுத்து தெளிவாகவே இருக்கும் மெதுவான வேகத்தில் ஆட்டினால் மூளைக்குத் திருத்திக்கொள்ள எதுவுமில்லை. எழுத்து முழுக்கக் கரைந்துபோகும் வேகத்தில் ஆட்டினாலும் கற்க எதுவுமில்லை. கலங்கத் தொடங்கும் அந்த விளிம்பில் நிற்க வேண்டும். விழித்திரையில் பிம்பம் வழுக்குவதுதான் ‘என் கணக்கு தப்பு’ என்று மூளைக்குச் சொல்லும் செய்தி. அந்தத் தப்பைக் குறைக்கத்தான் அது கற்கிறது. பயிற்சி பலனளிக்கவில்லை என்று வருபவர்களைச் செய்து காட்டச் சொன்னால், பாதிப் பேர் கோயில் மணி ஆடுவதுபோல் நிதானமாகத் தலையை ஆட்டுவார்கள். இன்னும் சிலர் தலைக்குப் பதிலாகத் தோளோடு உடம்பைத் திருப்புவார்கள். இரட்டைக் குவிய மூக்குக்கண்ணாடி போட்டவர்களுக்கு மேல்கீழ் ஆட்டத்தில் எழுத்து தாண்டிக் குதிக்கும். அது நோயல்ல, கண்ணாடி. எழுத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடியைக் கழற்றிச் செய்யலாம்.

இது எளிதானதும் கடினமாக்க வேண்டும். உட்கார்ந்து செய்தவர் நின்று, பாதங்களைச் சேர்த்து, தடித்த நுரை மெத்தைமேல், பிறகு நடந்துகொண்டே செய்யலாம். வெறும் சுவருக்குப் பதில் கட்டம் போட்ட பின்னணியில் எழுத்தை ஒட்டலாம். அடுத்த கட்டத்தில் அட்டையைக் கையில் பிடித்து, தலை ஒரு பக்கம் போகும்போது அட்டையை எதிர்ப்பக்கம் நகர்த்த வேண்டும். விழிக்கு இரட்டை வேலை.

சமநிலைக்கு மூளை மூன்று சாட்சிகளைக் கேட்கிறது: கண், காது, பாதமும் மூட்டுகளும். காது பலவீனமானவர் அறியாமலே கண்ணை நம்பத் தொடங்குகிறார். அதனால்தான் வெளிச்சத்தில் நன்றாக நடப்பவர் இருட்டில் தடுமாறுகிறார், கூட்டத்தில் எல்லாம் நகரும்போது மிரள்கிறார். பயிற்சி ஒவ்வொரு சாட்சியாக விலக்கிப் பார்க்கிறது. உறுதியான தரையில் கண் திறந்து 30 நொடி, கண் மூடி 30 நொடி. நுரைமேல் கண் திறந்து, பிறகு கண் மூடி. கடைசி நிலையில் நம்பத்தகுந்தது காது மட்டுமே, விழுவதும் அங்கேதான். ஆகவே அறை மூலையில், சுவர் முதுகுப் பக்கமும் ஒரு நாற்காலி முன்னாலும் இருக்கச் செய்ய வேண்டும்; முதியவர் என்றால் பக்கத்தில் ஓர் ஆள். குதிகாலும் விரலும் ஒட்ட ஒரே கோட்டில் நடப்பது, நடந்தபடியே மூன்றடிக்கு ஒருமுறை தலையை இடம் வலம் திருப்புவது ஆகியவை அடுத்து வருகின்றன. நடையே ஒரு நல்ல பயிற்சி.

எவ்வளவு சுற்றினால் சரி? கொஞ்சம் சுற்ற வேண்டும். அதை நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லாவிட்டால், முதல் நாளே பயந்து விட்டுவிடுவார். 10க்கு எத்தனை என்று கேட்டால் இருந்ததைவிட 2, 3 புள்ளி ஏறலாம். 15, 20 நிமிடத்துக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிட வேண்டும். மணிக்கணக்கில் நீடித்தால், வாந்தி வந்தால், மறுநாளைக்கும் ஒட்டிக்கொண்டால் அளவு அதிகம். வேகத்தையோ நேரத்தையோ பாதியாக்க வேண்டும், பயிற்சியை நிறுத்திவிடக் கூடாது. எதுவுமே தெரியவில்லை என்றால் அளவு குறைவு.

இங்கேதான் மாத்திரையும் குறுக்கிடுகிறது. புரோகுளோர்பெரசின், சின்னரிசின் போன்றவை சமநிலைச் செய்தியை அடக்கி வைக்கின்றன. வாந்தியும் சுழற்சியும் கடுமையாக இருக்கும் முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு அவை வரப்பிரசாதம். மாதக்கணக்கில் தொடர்ந்தால், எந்தத் தப்பிலிருந்து மூளை கற்க வேண்டுமோ அந்தத் தப்பையே அவை மறைத்துவிடுகின்றன. முதியவர்களுக்குத் தூக்கக் கலக்கமும் விழும் அபாயமும் கூடுதல். நீண்ட நாள் சாப்பிட்டவர் தானாக நிறுத்தாமல், எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் கேட்டுக் குறைக்க வேண்டும். கல் நோய்க்கோ மாத்திரை தீர்வே அல்ல. குழலில் கிடக்கும் கல்லை எந்த மாத்திரையும் நகர்த்தாது.

பயிற்சி எதற்கு உதவாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மெனியர் நோயில் அடுத்த தாக்குதலைப் பயிற்சி தடுக்காது. தாக்குதல்களுக்கு இடையில் மிஞ்சும் தள்ளாட்டத்துக்கு மட்டும் உதவும். உரத்த சத்தம் கேட்டாலோ, தும்மினாலோ, முக்கினாலோ சுற்றுகிறது என்றால் உள்காதில் கசிவோ எலும்பில் திறப்போ இருக்கலாம். முதலில் காது மருத்துவர். மைக்ரேன் வகையில் தலைவலியைக் கட்டுக்குள் கொண்டுவராமல் தலையை ஆட்டச் சொன்னால் கூடத்தான் செய்யும்.

மூன்று மாதத்துக்கும் மேலாகப் பெரும்பாலான நாட்களில் ஒரு மிதப்பும் தள்ளாட்டமும் இருந்து, நிற்கும்போதும் கூட்டமான இடங்களிலும் ஓடும் காட்சிகளைப் பார்க்கும்போதும் அது கூடினால், அது தனி நோயாகவே 2017ல் வரையறுக்கப்பட்டுள்ளது. “எல்லா டெஸ்ட்டும் நார்மல், மனசுதான் காரணம்” என்று அனுப்பப்பட்டு நொந்துபோனவர்கள் இவர்கள். அந்த வார்த்தை அநியாயம். காதோ வேறு எதுவோ ஒருமுறை ஏமாற்றிவிட்டதால், சமநிலை அமைப்பு காவலைத் தளர்த்தாமலே இருக்கிறது. இவர்களுக்குக் கடுமையான பயிற்சி ஆகாது. மிரட்டும் அசைவுகளில் இரண்டு மூன்றை மட்டும் எடுத்து, லேசான அளவில் தினமும் இருமுறை. நகரும் கோடுகள் உள்ள காட்சியைத் திரையில் முதலில் ஒரு நிமிடம், பிறகு மெல்ல மெல்லக் கூடுதலாக. பதற்றத்துக்கான சிகிச்சையும் கூடவே நடந்தால் பலன் நன்றாக இருக்கிறது.

முன்னேற்றத்தை ‘பரவாயில்லை’ என்ற சொல்லால் அளக்க முடியாது. 25 கேள்விகள் கொண்ட, 100 மதிப்பெண்ணுக்கான தலைசுற்றல் பாதிப்புக் கேள்வித்தாள் 1990 முதல் புழக்கத்தில் உள்ளது. 18 மதிப்பெண் குறைந்தால் உண்மையான மாற்றம் என்று கொள்ளலாம். தலை நிலையாக இருக்கும்போது படிக்கும் கடைசி வரியையும், தலை ஆடும்போது படிக்கும் கடைசி வரியையும் கண் பரிசோதனை அட்டையில் ஒப்பிடலாம். இடைவெளி குறையக் குறைய நரம்பின் இழப்பை மூளை ஈடுகட்டுகிறது. ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தும் எதுவும் அசையவில்லை என்றால் பயிற்சியைக் கூட்டுவதற்கு முன், நோயின் பெயர் சரியா என்று மறுபடி கேட்க வேண்டும். நரம்பு அழற்சிக்குப் பிறகு தேறிக்கொண்டிருந்தவருக்குக் கல்லும் சேர்ந்து விழுந்திருக்கலாம். அது அரிதல்ல, படுக்க வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கல் திரும்பவும் விழும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஐந்து ஆண்டுக்குள் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஒருமுறையாவது மறுபடி வருகிறது. வைட்டமின் டி குறைவு இதற்கு ஒரு காரணம். தென் கொரியாவில் நடந்து 2020ல் வெளியான பெரிய ஆய்வில், ரத்தத்தில் அந்த அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தவர்களுக்கு வைட்டமின் டியும் கால்சியமும் ஓராண்டு கொடுத்தபோது திரும்பவரும் வீதம் குறைந்தது. அடிக்கடி கல் விழுபவர் அந்த ரத்தப் பரிசோதனையை ஒருமுறை செய்துகொள்வது பயனுள்ளது.

திரும்ப வரும்போது, போன தடவை சொல்லிக்கொடுத்த அதே பக்கத்துக்கு எப்லி செய்துகொள்வது சிலருக்குப் பழக்கமாகிவிடுகிறது. இந்த முறை கல் மறு காதில் இருக்கலாம், வேறு குழலில் இருக்கலாம். எந்தப் பக்கம் புரண்டால் கடுமையாகச் சுற்றுகிறது, எத்தனை நொடி நீடிக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் சுற்றும்போது வீட்டில் ஒருவரை விட்டு, கண்ணைத் திறந்து வைத்து, முகத்துக்கு நெருக்கமாகக் கைபேசியில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். அந்த அரை நிமிட வீடியோவில் விழி துடிக்கும் திசை பதிவாகியிருந்தால், எந்தக் காதிலிருந்து தொடங்க வேண்டும் என்பதைச் சிகிச்சையாளர் அதை வைத்தே பாதி ஊகித்துவிடுவார்.